ஜனாதிபதி கருத்துக் கேட்க வந்த நாள்

சுவிஸ் தலைநகர் பெர்னில் எங்கள் நாடாளுமன்றக் குழு கூடும்போது, அறைக்குள் யார் என்ன பேசினார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. மற்றவர்கள் பேசியதை நான் சொல்லப் போவதில்லை. நான் பேசியது எனக்குச் சொந்தம், அதை எழுதுவேன்.

அன்று ஜனாதிபதி எங்களிடம் கருத்துக் கேட்க வந்திருந்தார். முன்பு நாங்கள் அயல்நாடு ஒன்றுக்கு விற்ற தோட்டாக்களை, படையெடுப்புக்கு ஆளான இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அந்த அயல்நாடு எங்கள் அனுமதியைக் கேட்டிருந்தது. அனுமதித்தால் எங்கள் நடுநிலைமை கெட்டுவிடுமா என்பதுதான் கேள்வி. ஊரெல்லாம் அதே பேச்சு.

காலையில் பெர்னை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில், வீட்டில் அம்மாவும் அதைத்தான் கேட்டார். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் தம்பியைப் பறிகொடுத்தவர். பத்திரிகையில் வந்த அளவுக்குச் சொன்னேன்.

"நாங்கள் செத்துக்கொண்டிருக்கேக்க எல்லா நாடும் நடுநிலைதான், பிள்ளை" என்றார். பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டொன்றை வெட்டி என் பக்கம் தள்ளினார்.

கூட்டத்துக்கு முன் தாழ்வாரத்தில் என் கட்சிக்காரர் ஒருவர் கோப்பியோடு வந்தார். உன் குடும்பம் போரில் அடிபட்டது, இதில் நீ ஒதுங்கி நிற்பதுதான் அழகு என்றார். அடுத்த தேர்தல் பட்டியலில் நல்ல இடம் வேண்டுமானால் வாயைத் திறக்காதே என்பதையும் இனிப்புத் தடவிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே வாக்கு வாங்கி வந்தவள் நான்.

எங்கள் நாடாளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேசும் விசயத்தில் சொந்த நலன் இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பண்ணைக்காரர்களும் காப்புறுதிக் கம்பனிகளில் பதவி வகிப்பவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் முறை வந்ததும் ஜெர்மன் மொழியில் நானும் சொன்னேன்.

"ஜனாதிபதி அவர்களே, என் தாய்மாமன் குண்டு விழுந்து செத்தவர். குண்டுக்குக் கீழே இருந்தவர்களோடு எனக்கு உறவு உண்டு. குண்டு விற்பவர்களோடு உறவுள்ளவர்கள் இங்கே இருந்தால் அவர்களும் சொல்லட்டும். அதன் பிறகு யார் ஒதுங்குவது என்று பேசுவோம். என் கருத்து, அனுமதி கொடுங்கள்."

பட்டியலில் என் இடம் அந்த நிமிடமே போய்விட்டது என்று தெரியும். போனால் போகட்டும்.

வாக்கெடுப்பில் தோற்றோம், அது மாலைச் செய்தியிலேயே வந்துவிட்டது. அனுமதிக்காகத் தூக்கிய கைகளை எண்ணி முடித்ததும் மற்றவர்கள் கையை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜனாதிபதி நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.