கைகுலுக்கும் படம்

அம்மா டென்மார்க்குக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் அப்பாவைத் தவிர வேறு ஆளும் இல்லை.

அப்பாவும் நானும் முதலில் வந்துவிட்டோம். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. குடும்பத்தை அழைப்பதற்கு மனுப் போட்டு மாதக்கணக்காகியும் அமைச்சகம் மூச்சுக் காட்டவில்லை. ஷெல்லடி, குண்டு விழாத நாளில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா எழுதினார். பக்கத்து வீட்டுக் கிழவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தானே அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னபோது அப்பாவுக்குக் கடவுளே கதவைத் தட்டியது போலிருந்தது. அப்பாவுக்கு டேனிஷ் ஓடாது. வங்கியோ வைத்தியரோ, எங்கே போனாலும் பத்து வயது மகளான நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மே நான்காம் திகதி மாலை வருவதாகக் கிழவர் சொன்னார். ஜெர்மன்காரர் ஐந்து வருடம் பிடித்து வைத்திருந்த இந்த நாடு விடுபட்ட செய்தி லண்டன் வானொலியில் வந்த மாலை அது. டேனிஷ்காரர் வருடாவருடம் அன்று ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்கள் ஜன்னலிலும் ஒன்று ஏற்றிவிட்டு, கடிதத்துக்கான விவரங்களை எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. ஏதோ சண்டை முடிந்த நாளாம் என்பதோடு அப்பாவின் சரித்திர அறிவு நின்றுவிட்டது.

விருந்தாளி வெள்ளைக்காரர் என்பதால் அப்பா ஒரு காரியம் செய்தார். படுக்கையறையில் தொங்கிய படத்தைக் கழற்றி வந்து சோபாவுக்கு மேலே மாட்டினார். இங்கிலீஷ்காரரை விரட்டப் படை திரட்டிய இந்தியத் தலைவர், ஜெர்மனியின் மீசைக்காரத் தலைவனோடு கைகுலுக்கும் படம். அந்த மீசையை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருந்தேன்.

"அப்பா, அது வேண்டாம்."

"சும்மா இரு. வெள்ளையளும் நாங்களும் சரிசமனாக் கை குடுக்கிற படம் எங்களிட்டை இது ஒண்டுதான் கிடக்கு."

கிழவர் வந்தார். படத்தைப் பார்த்தார். உட்காரவில்லை. உங்களைப் போன்ற நிறத்தவரை அந்த மீசைக்காரன் என்னவாக நினைத்தான் என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

"படத்திலை இருக்கிறது ஆர் எண்டு கேக்கிறார்" என்றேன் அப்பாவிடம். அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அப்பா குளிர்ந்துபோய்ப் படத்தில் இந்தியத் தலைவரைக் காட்டினார். "எங்கடை பெரியப்பா மலாயாவிலை ரயில்வே கிளாக். வேலையை விட்டிட்டு இவற்றை படையிலை சேந்தவர். யப்பான்காரன் துவக்குக் குடுத்தான், ஜெர்மன்காரன் கை குடுத்தான். இங்கிலீஷ்காரனைக் கலைக்க எங்களுக்கு வேறை ஆர் இருந்தவை? சொல்லு பிள்ளை, வடிவாச் சொல்லு."

இதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கிழவர் என்னைப் பார்த்தே பேசினார். அவருடைய அண்ணனை ஜெர்மன்காரர் பிடித்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. தங்கள் இனம்தான் உயர்ந்தது என்றவர்கள், ஜப்பானின் கப்பல்கள் தேவைப்பட்டதால் ஜப்பான்காரரையும் உயர்ந்தவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஜப்பான்காரரும் ஆசியாவில் தாங்களே மேலென்று நினைத்தவர்கள். இருவரும் மற்றவனை உள்ளூர இகழ்ந்துகொண்டே கைகுலுக்கினார்கள் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, இன்று நான் மெழுகுதிரி ஏற்றுவது எங்களை விடுவித்த, உங்களை ஆண்ட இங்கிலீஷ்காரருக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நல்ல படமாம்."

கிழவர் திரியை ஏற்றினார், தொப்பியை எடுத்தார், போய்விட்டார். விவரம் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவுமில்லை. அமைச்சகத்திலிருந்தும் கடிதம் வரவில்லை. தம்பி நடக்கத் தொடங்கியதை அம்மா எழுதித்தான் தெரிந்துகொண்டோம். அன்றைக்குக் கிழவரின் முதல் கேள்வியை உள்ளபடி சொல்லியிருந்தால் அப்பா படத்தைக் கழற்றியிருப்பார், கிழவர் கடிதம் எழுதியிருப்பார், அம்மா வந்திருப்பார். படுக்கையில் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எனக்குப் பசியே செத்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, கிழவர் கையில் அன்றைய பேப்பரோடு வாசலில் நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. அன்று எங்களிடமிருந்து போன மறுநாளே தனக்குத் தெரிந்ததை வைத்து அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பேப்பரை என்னிடம் நீட்டினார். தமிழரின் மனுக்களை எடுக்காமல் கிடப்பில் போடும்படி அமைச்சரே சொல்லியிருக்கிறார். எல்லோருடைய மனுவையும், அம்மாவுடையதையும்.

வரிக்கு வரி அப்பாவுக்குச் சொன்னேன், இம்முறை எதையும் மாற்றாமல். சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்புப் பொங்கியது. படமும் இல்லை, நானும் இல்லை. யாரோ ஓர் அமைச்சர்!

"கொம்மாவை வேணுமெண்டு மறிச்சு வைச்சிருக்கிறாங்கள், நீ என்னடி சிரிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அப்பா வாசலிலேயே குந்திவிட்டார். கிழவர் குனிந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல செய்திக்கு இரண்டு பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.