திட்டுக்குப் பயந்து மறைத்த கவர்

இன்னிக்குக் காலையில திருப்பதியில ஒரு எலும்பு டாக்டர் கிளினிக். தோள்பட்டை வலிக்காக டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல நகரியில இருந்து வந்த ஒரு அம்மா. அவங்களுக்கு முட்டி வலி.

அவங்க பேரைக் கூப்பிட்டதும் பையில இருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"கொஞ்சம் வெச்சிக்கினு இரும்மா. இது மெட்ராஸ்ல இருதயத்துக்குக் குடுத்தது. வேற டாக்டர்கிட்டயும் பாக்கறேன்னு தெரிஞ்சா இவரு திட்டுவாரு."

உள்ள போய்ட்டாங்க.

கவர்ல இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரை. என் நைனாவும் அதைத்தான் சாப்பிட்டுக்கினு இருந்தாரு.

அதோட முட்டிவலி மாத்திரையும் சேர்ந்து, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு, போன வருஷம் போய்ட்டாரு. முட்டி வலின்னு அவர் டாக்டரைப் பாக்க உள்ள போனப்போ, இருதய மாத்திரைக் கவர் வெளிய என் மடியிலதான் இருந்தது.

எழுந்து நேரா உள்ள போய், கவரை டாக்டர் மேசையில வெச்சேன்.

அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையை விடுங்க. டாக்டர் திட்டத்தான் செஞ்சாரு. தெலுங்குல, என்னையும் சேர்த்து. திட்டிக்கினே, எழுதின மாத்திரையை அடிச்சிட்டு வேற எழுதினாரு.

ரெண்டு நிமிஷம்கூட இருக்காது அந்தத் திட்டு. அதை வாங்கப் பயந்துதான் நைனாவை விட்டுட்டோம்.

உங்க வீட்டுல அந்த இன்னொரு கவர் யார் மடியில இருக்கு?