ஜன்னலோரக் கட்டில்

ஆவி, செத்தவர் திரும்பி வருவது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ரகம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கருவி தப்பாகக் காட்டினால் கருவியில் கோளாறு, இல்லையென்றால் பார்த்தவர் கண்ணில் கோளாறு, மூன்றாவது காரணம் கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியானபோது ஈப்போவுக்கு வந்து ஓர் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தார். இருபத்தேழு வருஷம், ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அதில் ஒன்றில்கூட ஒரு நாளும் படுத்ததில்லை. என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தது அந்தக் கட்டில்கள்தாம். அண்ணன் பள்ளி விடுமுறையில் துணைக்குப் போவான், விரிப்பைப் பிடித்துக் கொடுப்பான். எனக்கு மட்டும் அதைக் கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டார். "நீ படிக்கிற புள்ள, இது உன் கைக்கு வேணாம்" என்பார். இன்றைக்கும் எனக்கு ஒரு கட்டிலை ஒழுங்காக விரிக்கத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கே போக ஆசை என்று கேட்டேன். காசி என்பார், பழனி என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எந்த ஊரா இருந்தாலும் சரி பாப்பா. ஓட்டலு நல்லா இருக்கணும். காலைல நான் எழுந்திருச்சி கட்டில அப்படியே போட்டுட்டுப் போவணும். வேற ஒருத்தி வந்து விரிக்கணும். ஒரே ஒரு நாளு போதும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் பட்டியல் போட்டேன். கூட்டம் இல்லாத, ஆடம்பரத்தைக் கடை பரப்பாத, ஐரோப்பாவின் அமைதியான இடங்களாகத் தேடினேன்: இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஏரி, சுவிட்சர்லாந்து மலைக்கிராமம் ஒன்று, டென்மார்க்கில் ஒரு தீவு, போர்ச்சுகலில் தக்கை மரத் தோட்டம் ஒன்று. ஒவ்வோர் ஓட்டலின் படங்களையும் மடிக்கணினியில் காட்டினேன். அம்மா ஏரியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தார்.

"ஏழு தலகாணி. இவ்வளவு தலகாணி போட்டா மெத்தைல என்னமோ கோளாறுன்னு அர்த்தம்." ஏரி போயிற்று. "குளிக்கிற ரூம் பூரா கண்ணாடி. தொடைக்கிறவ செத்தா." சுவிட்சர்லாந்து போயிற்று, டென்மார்க்கும் போயிற்று. போர்ச்சுகல் படத்தில்தான் நின்றார். அலென்தேஜோ என்ற பகுதியில் ஒரு பழைய தோட்டத்து வீடு, வெள்ளைச் சுவர், பெயர்ப்பலகைகூட இல்லை. இரண்டு ஒற்றைக் கட்டில், ஆளுக்கு ஒரு தலையணை, கெட்டியான லினன் விரிப்பு. "இதுதான் நெசமாவே காசுள்ளவன் எடம்" என்றார். "பளபளன்னு ஒண்ணுமே இல்ல பாரு."

பக்கத்தில் இருந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். "மரத்தோட பட்டைய உரிக்கிற தோட்டமா? ஏம்மா, பால்மரத்த விட்டுத் தப்பிச்சி வந்து, திரும்ப இன்னொரு தோட்டத்துக்கா போறீங்க? சுங்கை சிப்புட்டுக்கு பஸ்லயே போலாம் லா."

"நீ பஸ்லயே போ. நான் ஏரோப்ளேன்ல போறேன்" என்றார் அம்மா.

புறப்பட ஆறு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம் சமையலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு, ரத்து செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதினேன், அடையாள அட்டை, கைப்பேசி எண், ஆஸ்பத்திரி முன்பதிவுகள் என்று பதினோரு வரி. பத்தை அடித்துவிட்டேன். ஓட்டலுக்கு எழுத வேண்டிய கடிதம் மட்டும் அப்படியே இருந்தது. 'என் தாயார் வரமாட்டார்' என்று தட்டச்சு செய்ய என் விரல் போகவில்லை.

வருஷம் திரும்பாமல் உல்லாசப் பயணமா என்று உறவில் முணுமுணுத்தார்கள். அண்ணன்தான் போகச் சொன்னான். "அம்மா பாத்து வச்ச எடம். நீயாவது போய் அந்தக் கட்டில்ல படுத்துட்டு வா." போனேன்.

தோட்டத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பில் இருந்தவர் இரண்டு பெயரைப் படித்துவிட்டு, உங்கள் அம்மா எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அறை படத்தில் பார்த்த அதே அறை. சுவரோரக் கட்டிலை எனக்கு எடுத்துக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலில் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் பரப்பிப் போட்டேன், அது காலியாக இருப்பதைப் பார்க்க முடியாமல்தான். மறுநாள் காலை அப்படியே விட்டுவிட்டு நடக்கப் போனேன். தக்கை மரங்கள் பட்டை உரித்த இடத்தில் செக்கச் செவேல் என்று நின்றன, உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் ஒவ்வொரு மரத்திலும் எழுதியிருந்தார்கள். அம்மா இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். திரும்பி வந்தால் பெட்டி மூலையில், துணிகள் மடித்து, கட்டில் விரித்திருந்தது. அறை வேலை செய்பவர் செய்திருப்பார் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்து, வேண்டுமென்றே கசக்கிவிட்டுப் போனேன். யாராவது அதில் இருந்து எழுந்துபோன மாதிரியாவது இருக்கட்டுமே என்றுதான். திரும்பியபோது அதுவும் விரித்திருந்தது.

அன்று மத்தியானம் அந்த வேலை செய்பவரை முற்றத்தில் பார்த்தேன். பெயர் லூர்தெஸ், ஐம்பது வயது இருக்கும், எங்கள் ஊர் லூர்து மேரிகளில் ஒருவர் மாதிரியே இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். சிரித்துக்கொண்டே என்னிடம் ஒரு புகார் சொன்னார்.

"உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், இது என் வேலை. இரண்டு நாளாக நான் வருவதற்குள் அவர் கட்டிலை விரித்துவிடுகிறார். என்னைவிட நன்றாக விரிக்கிறார், முதலாளியம்மா பார்த்தால் எனக்குத்தான் வெட்கம்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். கழிவறையில் காகிதச் சுருளின் நுனியை யாரோ முக்கோணமாக மடித்து வைக்கிறார்களாம். அதெல்லாம் பெரிய நகரத்து ஓட்டல்களில் செய்வது, இங்கே நாங்கள் செய்வதே இல்லை என்றார்.

அம்மா வேலை செய்த ஓட்டலில் அந்த முக்கோணம் கட்டாயம். மறந்தால் மேற்பார்வையாளர் திட்டுவார். எங்கள் வீட்டுக் கழிவறையிலும் கை பழக்கத்தில் மடித்துவிட்டு, தானே சிரித்துக்கொள்வார்.

நான் அறைக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். என் கட்டிலில் விரிப்பு நேராக உள்ளே செருகியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் மூலையைச் சாய்வாக மடித்து, மேலே இன்னொரு சின்ன மடிப்பு வைத்துச் செருகியிருந்தது. அண்ணனுக்குக் காணொளி அழைப்பு போட்டு, எதற்கென்று சொல்லாமல் கேமராவை அதன் பக்கம் திருப்பினேன். ஈப்போவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம், பின்னால் டிவி சத்தம் கேட்டது. சத்தத்தைக் குறைத்தான்.

"யாரு பாப்பா விரிச்சா இத?"

"தெரியல."

"அந்த ரெண்டாவது மடிப்பு அம்மா வைக்கிறது. ஓட்டல்ல வேற யாருக்கும் வராது. எனக்கே வரல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் வேல செய்றாங்களா?"

இல்லை என்றேன். சரி, கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு என்றான். வேறு என்ன சொல்லுவான்.

இதை ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும் என்று மூன்றாம் நாள் காலை இறங்கினேன். ஜன்னலை உள்ளே தாழிட்டேன். ஜன்னலோரக் கட்டிலைக் கலைத்து, நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டேகாலிலிருந்து பத்து மணி வரை, நம்பினால் நம்புங்கள், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. யாரும் கதவு பக்கமே வரவில்லை. பத்துக்கு லூர்தெஸ் கூடையோடு வந்தார், இரண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே போனோம்.

கட்டில் விரித்திருந்தது. தலையணையைத் தட்டி நிறுத்தியிருந்தது. உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருந்தது, அதுவும் அம்மாவின் கணக்கு.

லூர்தெஸ் குளியலறையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், அம்மா எங்கே என்று மெதுவாகக் கேட்டார். அம்மா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்ற அந்த வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஐரோப்பாவின் ஒரு மூலையில், பாதி புரிகிற ஆங்கிலத்தில், பழக்கமில்லாத ஒருவரிடம். அம்மா என்ன வேலை செய்தார் என்பதையும் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொள்வார், ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "எத்தனை அறை?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் காபித் தட்டில் இரண்டு கோப்பை வந்தது.

பயம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது, கோபம் கலந்த அழுகை. இத்தனை கடல் தாண்டி வந்தும் வேலைதான் செய்கிறார். நான் விருந்தாளியாக நடக்க, அவர் என் பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நாள் என்று அவர் கேட்டதை உயிரோடு இருக்கும்போதும் கொடுக்கவில்லை, இப்போதும் கொடுக்க முடியவில்லை என்றால் நான் எதற்கு வந்தேன்?

மறுநாள் கிளம்ப வேண்டும். வெயில் இறங்கும்முன் ஜன்னலோரக் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். வெறும் அறையில் பேசுவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் பேசினேன்.

"அம்மா, போதும். இங்க நீங்க வேலைக்கு வரல. உங்க பேர்லதான் ரூம் எடுத்திருக்கு. படுங்க. காலைல அப்படியே போட்டுட்டு வாங்க, அந்தக்கா பாத்துக்குவாங்க."

திரை ஆடவில்லை, விளக்கு மினுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கினேன்.

காலையில் கண் விழித்தபோது ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பு கசங்கியிருந்தது. தலையணையில் ஒரு பள்ளம். யாரும் அதைச் சரிசெய்யவில்லை. குளியலறையில் போய்ப் பார்த்தேன், காகிதம் கிழித்தபடி தொங்கியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். லூர்தெஸ் வந்து கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புது விரிப்பை உதறினார். அவர் விரிப்பதை நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியதால் வெளியே போய் நின்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டு, "அம்மா தூங்கிட்டாங்க அண்ணே, கட்டில அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன். அவனும் அழுதான். இப்போது சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இந்தக் கதையை அவன்தான் சொல்கிறான், சொல்லி முடித்துவிட்டு, அம்மா ஆசைப்பட்டபடி நல்லா தூங்கினாங்க என்பான். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. லூர்தெஸ் வருவதற்கு முன் நான் குனிந்து பார்த்தேன். கசங்கல் கட்டிலின் நடுவில் இல்லை. ஜன்னல் பக்கத்து விளிம்பில், தலையிலிருந்து கால் வரை, என் கையை விரித்து வைத்தால் ஒரு சாண் அகலம். தலையணைப் பள்ளமும் அதன் ஓரத்தில்தான் இருந்தது. ஒரு சாணில் எந்த மனுஷியாலும் படுக்க முடியாது, படுத்த மாதிரி கசக்கிவிடத்தான் முடியும். மற்ற இடமெல்லாம் சுருக்கமே இல்லாமல், அந்த இரண்டாவது மடிப்பு கலையாமல், அடுத்து வருபவருக்காக விரித்து வைத்தது போலவே இருந்தது.