கன்னையா மாமா காதுக்காக விட்ட வரிசை

கன்னையா மாமாவப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல ஒரு சைலன்சரப் பத்திச் சொல்லணும். சிரிக்காதீங்க. அந்த மனுசன் பொழப்பு கடைசியில அதுலதான் வந்து மாட்டிக்கினுச்சி.

ஆந்திரா பக்கம் நகரியில எங்க தெருவுல நடந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் பவர்லூம் ஓடிக்கினு இருக்கும். கட்டடக் கட்டடக்குன்னு காலையில ஆரம்பிச்சா கரெண்டு போனாத்தான் ஓயும். மத்த ஊர்ல சத்தம் வந்தா கொழந்தைங்க எழுந்துக்கும், எங்க ஊர்ல சத்தம் நின்னா எழுந்துக்கும். மாமா அந்தச் சத்தத்துக்குள்ளயே காலந்தள்ளினவரு. வாலிப வயசுல கைத்தறி. அப்பால ஊரே மிசினுக்கு மாறச்சொல்லோ அவரும் மாறி, அடுத்தவங்க கொட்டாயில ஒத்த ஆளா எட்டுத் தறி பாத்துக்கினு இருந்தாரு.

காது ஒரே நாள்ல போவல. மொதல்ல குருவி கத்தறது கேக்கல. அப்பால காலிங் பெல்லு. அப்பால பொண்டாட்டி குரல். அந்தம்மா போய்ச் சேந்த அன்னிக்கி, "கூப்பிட்டிருப்பாடா முனி, எனக்குத்தான் கேக்கல"ன்னு ஒரே ஒருவாட்டி சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. காது மிசின் வாங்கிக் குடுத்தாங்க. மாட்டினா தறிச் சத்தம்தான் இன்னும் பெருசா மண்டைய ஒடைக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு. தறிக்காரங்களுக்குப் பேச்சு ஒண்ணும் கஷ்டமில்ல. வாயப் பாத்தே புரிஞ்சிக்குவாங்க. கொட்டாயில அப்பிடித்தான் பேசிக்கினே ஆவணும். ஆனா முதுகுக்குப் பின்னால நின்னுக்கினு பேசறவனுக்கு அவரு செவுடுதான்.

நான் முனிசாமி. தெருமொனையில மெக்கானிக்கு. பெங்களூர்ல ரெண்டு வருசம் ஒரு ஒர்க்‌ஷாப்புல இருந்து இன்ஜெக்‌ஷன் வண்டி வேலை கத்துக்கினு வந்தேன். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லன்னு கஸ்டமருங்க சொல்லுவாங்க. மெய்தான். வண்டியக் கெடுக்கறவனப் பாத்தா எனக்கு வாய் நிக்காது.

மாமாவுக்கு ஒரே புள்ள, சீனு. டிப்ளமா படிச்சிட்டு திருப்பதி பக்கம் செல்போன் பார்ட்ஸ் பண்ற கம்பெனியில வேலை. அங்கயே ரூம். சனிக்கெழம சாயந்திரம் வருவான். பஸ்ஸுல வந்து கதவ இடிப்பான், இடிப்பான், உள்ள ஒரு அசைவும் இருக்காது. கடைசியில பின்பக்கமா செவுரு ஏறிக் குதிப்பான். "எங்க வூட்டுக்கே நான் திருடன் மாதிரி போறேண்ணா"ன்னு சிரிச்சிக்கினே சொல்லுவான். மாமா திடீர்னு முன்னால புள்ளயப் பாத்து அரண்டு போவாரு. ஒருவாட்டி கையில இருந்த சோத்துத் தட்ட அப்பிடியே போட்டுட்டாரு.

அப்பறம் செகண்ட் ஹேண்டுல ஒரு எரநூறு சிசி வண்டி வாங்கினான். நல்ல வண்டி. கம்முனு ஓட்ட வேண்டியதுதான? ஆன்லைன்ல ஒரு சைலன்சர், கூடவே மூடியில்லாத ஏர் பில்டர் ஒண்ணு, ரெண்டையும் வரவழச்சி தானே மாட்டிக்கினான். மொத நாளு ரேஷன் கடை வளைவுல ஆக்சிலேட்டர வுட்டான் பாருங்க, டப் டப் டபார்னு ஒரு வெடி. வளைவு வூட்டு கமலம்மா வெளிய வந்து, "அந்த வண்டியில கொள்ளிய வெக்க!"ன்னு ஆரம்பிச்சிது. நானும் ஸ்பேனரோட கௌம்பிட்டேன். "தீவாளிக்கு இன்னும் நாள் கீதேடா, இப்பவே இன்னா அவசரம்?"னு கேக்கறதுக்கு.

கேக்கல. ஏன்னா கன்னையா மாமா வாசல்ல வந்து நின்னுக்கினு இருந்தாரு. வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே, யாரும் கூப்பிடாம, தானே கதவத் தொறந்துகினு. "வந்துட்டியாடா சீனு? கேட்டுச்சிடா! நீ வர்றது எனக்குக் கேட்டுச்சிடா!"ன்னு ரெண்டு கையையும் ஆட்டறாரு. சீனு வண்டிய வுட்டு எறங்கல. ஹெல்மெட்டுக்குள்ள அழுதுகினு இருந்தான். கமலம்மா பாதித் திட்ட வாயிலயே முழுங்கிக்கினு உள்ள போச்சி. அதுக்கப்பறம் அந்தத் தெருவுல ஒருத்தரும் அந்தச் சத்தத்தப் பத்தி வாயே தொறக்கல.

ஆனா எனக்கு வண்டி மேல கவலை. இஞ்சினுக்குக் காத்தும் பெட்ரோலும் அளவாப் போவணும். பைப்பும் பில்டரும் மாத்தினதுல காத்து தாராளமாப் பூந்துது, வண்டியோட கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பழய கணக்குலயே பெட்ரோல ஊத்துது. காத்து சாஸ்தி, பெட்ரோல் கம்மி. பிளக்கக் கழட்டிப் பாத்தேன், சாம்பலாட்டம் வெளுத்துக் கெடந்துது. இஞ்சின் பக்கத்துல கால வெக்க முடியல, அவ்ளோ சூடு.

"இது இப்பிடியே ஓடினா ஒருநாள் பிஸ்டன் சூட்டுல இறுகிப் புடிச்சிக்கும். புத்தூர் ரோட்டுல லாரிக்கு நடுவுல வண்டி லாக் ஆச்சின்னா நீ காலி"ன்னேன். "ஒரு சின்ன பாக்ஸ் வெச்சி, லேப்டாப்புல பெட்ரோல் அளவத் திருத்தி டியூன் பண்ணணும்."

"பண்ணினா அந்த டப் டப் போயிடுமாண்ணா?"

"போவும். அது வேற இன்னாத்துக்குப் பண்றது?"

"அப்ப வாணாம்ணா."

என் வாயில வந்ததெல்லாம் சொன்னேன். தல குனிஞ்சிக்கினு கேட்டுக்கினான். அப்பறம் மெதுவா, "ஹார்ன் அடிச்சா கேக்கலண்ணா. போன் பண்ணா கேக்கல. இது ஒண்ணுதான் நைனா காதுக்குப் போவுது"ன்னான். பேஜாராப் போச்சி எனக்கு.

ரோசன பண்ணிப் பாத்தேன். லேப்டாப்புல பெட்ரோல் கணக்கு ஒரு கட்டம்போட்ட பலகையாட்டம் வரும். ஆக்சிலேட்டர் எவ்ளோ முறுக்கியிருக்கோ அதுக்கு ஒரு வரிசை, இஞ்சின் எவ்ளோ வேகமா சுத்துதோ அதுக்கு ஒரு கட்டம். பைப்புல சென்சார் மாட்டிக்கினு, சீனுவ ஓட்டச்சொல்லி, நான் பின்னால லேப்டாப்ப மடியில வெச்சிக்கினு ஒக்காந்து, ஏகாம்பரகுப்பம் ரோட்டுல போவறதும் வர்றதுமா ஒவ்வொரு கட்டமாத் திருத்தினேன். முறுக்கி ஓட்டற வரிசையெல்லாம் கச்சிதமா ஆயிட்ச்சி. சூடு எறங்கிச்சி, இழுவ ஏறிச்சி. ஆக்சிலேட்டர முழுசா வுடறதுக்கு இருக்கற ஒரே ஒரு வரிசைய மட்டும் தொடல. அப்பிடியே காத்தாட வுட்டேன். அதனால ஓட்டும்போது வண்டி ஒழுங்கு, வளைவுல ஆக்சிலேட்டர வுட்டா மட்டும் டப் டப் டபார். அரகொற வேலை செய்யறவன் இல்ல நான். அந்த ஒரு வரிசை மட்டும் மாமா காதுக்கு.

சீனு இன்னும் கொஞ்ச காலம் அப்பிடி வந்துகினு இருந்தான். அப்பறம் அந்தக் கம்பெனியில ஆளக் கொறச்சாங்க. காண்ட்ராக்ட்டுப் பசங்கள மொத வேலையா வெளிய அனுப்பினாங்க. இவன் பெங்களூர் போனான், ஓசூர் போனான், ஒண்ணும் நெலைக்கல. எங்க பக்கத்துப் பசங்க கடைசியில எங்க போவாங்களோ அங்க போனான். குவைத்து. போறதுக்கு முன்னால வண்டிய பின்தெரு சிரஞ்சீவிக்குக் குடுத்துட்டான். கொரியர் வேலை பாக்கற பையன்.

குவைத்துலேர்ந்து வீடியோ கால் வரும். மாமா போன மூஞ்சிக்கு நேரா புடிச்சிப் பாத்துக்கினே இருப்பாரு. லைன் விட்டு விட்டு வரும், வாயசைவு புரியாது. "தொட்டியில மீனு வாயத் தொறக்கறாப்ல கீதுடா"ம்பாரு. வெச்சதுக்கப்புறம் "இன்னா சொன்னான்?"னு என்னக் கேப்பாரு.

சிரஞ்சீவி சனிக்கெழம வேலை முடிச்சி எங்க தெரு வழியாத்தான் வூட்டுக்குப் போவான். ரேஷன் கடை வளைவுல டப் டப் டபார். மாமா கதவத் தொறந்துகினு வருவாரு. சிரஞ்சீவி மூஞ்சியப் பாப்பாரு. திரும்பி உள்ள போயிடுவாரு. வாராவாரம் இதே கதை.

ஒருநாள் அந்தப் பையன் என் கடையில வண்டிய நிறுத்திட்டு, "என்னால முடியலண்ணா. பாபம் ஆ பெத்தாயன, பாவம் அந்தப் பெரியவரு. ஆசையா ஓடி வர்றாரு, என்னப் பாத்ததும் மூஞ்சி விழுந்துடுது. யாரோ செத்த சேதி நான் கொண்டாந்த மாதிரி கீது. அந்தச் சத்தத்த எடுத்துடுண்ணா"ன்னான். அவன் சொல்றதும் நியாயந்தான். இஞ்சினுக்கும் அதுதான் நல்லது. லேப்டாப்ப மாட்டி அந்த வரிசைய ரொப்பினேன். ஓட்டிப் பாத்தேன். வளைவுல பூனையாட்டம் வந்துது. நான் பண்ண டியூனிங்லயே சுத்தமான டியூனிங் அது.

சனிக்கெழம வந்துது. மாமா வெளிய வரல. அடுத்த சனிக்கெழமயும் வரல. நல்லதாப் போச்சின்னு நாங்க ரெண்டு பேரும் நெனச்சிக்கினோம். எங்களோட நல்லெண்ணத்துல மண்ணு விழ.

மழைக்காலத்துல மாமாவுக்கு ஒரு காய்ச்சல். காதுல சீழ் வச்சிக்கினு படுத்தாரு, எழுந்தாரு. பொங்கலுக்கு சீனுவுக்கு லீவு கெடச்சிருக்குன்னு சேதி வந்துது. அதுக்கு அடுத்த நாளு மாமா என் கடைக்கு வந்து ஸ்டூல்ல ஒக்காந்தாரு.

"முனி, உன்ன ஒண்ணு கேக்கணும். மறைக்காத. சிரஞ்சீவி அந்த வண்டிய வித்துட்டானா?"

நேருக்கு நேரா நின்னு, "இல்ல மாமா, அவங்கிட்டதான் கீது. சத்தம் வராம நான்தான் டியூன் பண்ணேன்"ன்னேன்.

அவரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க. தொடையத் தட்டிக்கினு சிரிக்கறாரு. கண்ணுல தண்ணி. "அட நாசமாப் போறவனே! நீதானாடா? நான் என் காதுதான் சுத்தமாப் போயிட்ச்சின்னு நெனச்சி எத்தினி மாசமா யார்கிட்டயும் சொல்லாம செத்துக்கினு கெடக்கறேன்!"

"நீ சீனு வந்துட்டான்னு நெனச்சி ஏமாந்து போறியேன்னுதான் மாமா..."

"போடா பைத்தியக்காரா. சீனு குவைத்துல கீறான்னு எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு ஒருவாட்டி காதப் பரீட்ச பாத்துக்கினேன்டா. கண்ண மூடிக்கினு ஒக்காந்திருப்பேன். சத்தம் கேட்டா எழுந்து வருவேன். மெய்யாலுமே வண்டிதானா, இல்ல என் மனசானு வாசல்ல நின்னு பாத்துப்பேன். அவன் வர்ற அன்னிக்கி கேக்கணும் இல்ல? புத்தூர் டேஷன்ல எறங்கி, சிரஞ்சீவிய அங்க வரச்சொல்லி அதே வண்டிய வாங்கிக்கினு வர்றேன் நைனா, நீயே வந்து கதவத் தொறக்கணும்னு எழுதி அனுப்பிச்சிருக்கான்."

இந்த மனுசனுக்கு நல்லது பண்றதா நெனச்சி அவரு கையிலிருந்த அளவுகோல ஒடச்சிட்டமேன்னு இருந்துது.

"பழய சத்தத்த ஒருவாட்டி போட்டுக் காட்டுடா. வூட்ல கதவ சாத்திக்கினு, கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்கறேன். கேட்டுட்டா போதும்"னுட்டு, சின்னப் பையனாட்டம் வேகமாப் போனாரு.

சிரஞ்சீவிய வரச்சொன்னேன். சேதியக் கேட்டதும் அவன் சாவிய என் கையில குடுத்துட்டு மொகத்தத் திருப்பிக்கினான். லேப்டாப்புல அந்த வரிசைய பழயபடி ஆக்கினேன். பத்தாதுன்னு இன்னும் கொஞ்சம் பெட்ரோலக் கொறச்சேன். நானே ஏறினேன். ரேஷன் கடை வளைவுல நல்லா முறுக்கி, சட்டுனு வுட்டேன். டப் டப் டபார் டபார். நாய்ங்க கொலச்சிதுங்க. கமலம்மா எட்டிப் பாத்து, "சீனு வந்துட்டானா?"ன்னு கத்திச்சி. மாமா வூட்டு வாசல் வரைக்கும் வந்து இன்னொருவாட்டி முறுக்கி வுட்டேன். ஜன்னல் கதவு அதிர்ந்துச்சி.

கதவு தொறக்கல.

பூட்டியிருக்கல, சும்மா சாத்திதான் இருந்துது. தள்ளிக்கினு உள்ள போனேன். மாமா நாற்காலியில ஒக்காந்துகினு இருந்தாரு. தலய ஒருபக்கம் சாச்சி, கண்ண இறுக்க மூடிக்கினு, மூஞ்சியில அந்தச் சிரிப்பு மாறாம. எழுந்துக்கறதுக்குத் தோதா ரெண்டு கையும் நாற்காலிப் புடியில இருந்துது. நான் கிட்டப் போயி தோளத் தொட்டேன்.

கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு. "இன்னாடா முனி? எப்ப ஓட்டப் போற?"

வாய் நீளம்னு பேரெடுத்தவன் நான். திரும்பி வாசலப் பாத்தேன். வெளிய இஞ்சின் இன்னும் ஓடிக்கினுதான் இருந்துது.

"இன்னும் செட் ஆவல மாமா"ன்னு அவருக்குப் புரியறாப்ல வாய அசச்சேன். "நாளைக்கிப் பாக்கலாம்."

"சரி சரி. பொறுமையாவே பண்ணு. அவன் வர்றதுக்குத்தான் இன்னும் நாள் கீதே"ன்னுட்டு, என் கையத் தட்டிக் குடுத்தாரு.