பி. ரொசே, எல். ரொசே

ஜெனீவாவில் ஒரு விளையாட்டு ஆவணக் காப்பகத்தில் பதினொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் உணவகத்தில் கோப்பை கழுவினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் முதல் மாதத்தில் செய்த மடத்தனத்தைச் சொல்லி வைக்கிறேன்.

ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி முதன்முதலில் நடந்தது இந்த ஊரில்தான். அதில் ஆடிய அணிகளின் பெயர்ப்பட்டியல்களை ஸ்கேன் செய்து, கண்காட்சிப் பலகைகளுக்குக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். சுவிஸ் அணியின் தாளில் பி. ரொசே, எல். ரொசே என்று இருவர் இருந்தார்கள். நமக்கு இனிஷல் என்றால் அப்பா பெயர். ஆகவே பெயர் ஒன்று, தகப்பன் வேறு என்று முடிவு கட்டி, 'இருவரும் உறவினர் அல்லர்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாகப் பெருமை வேறு. என் மேலாளர் தர்ஷினி, இங்கேயே பிறந்த பிள்ளை, அவசரத்தில் என் பிரெஞ்சைத் திருத்தினாரே தவிர விஷயத்தைத் திருத்தவில்லை.

கண்காட்சி திறந்த அன்று ஒரு வயதான அம்மா தடியூன்றி வந்து அந்தப் பலகை முன் நின்றார். நகரவே இல்லை. தர்ஷினி போய்ப் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, எல். ரொசே அவவின்ர அப்பாவாம். மற்றவர் அப்பாவோட கூடப் பிறந்தவராம், வாலிபத்திலயே செத்துப்போனாராம். ரெண்டு பேரும் ஒண்டா விளையாடினதுக்கு இந்தத் தாள் மட்டும்தான் மிச்சமாம். 'அப்பா எனக்குப் பொய்யோ சொன்னவர்?' எண்டு கேக்கிறா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். என் அடையாள அட்டையைக் காட்டி, எங்கள் இனிஷல் வழக்கத்தை விளக்கினேன். அவர்களுக்கு ரொசே குடும்பப் பெயர், முன்னால் நிற்கும் எழுத்துத்தான் சொந்தப் பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தர்ஷினி மொழிபெயர்த்தார். அந்த அம்மா கோபிக்கவில்லை, மூச்சை விட்டுச் சிரித்தார்.

'சகோதரர்கள்' என்று மாற்றினால் போதும் என்றார் தர்ஷினி. எனக்குப் போதவில்லை.

"பிள்ளை, ஆர் மூத்தவர் எண்டு கேளும்."

"அது பலகைக்குத் தேவையோ அண்ணை?"

"அண்ணனோ தம்பியோ எண்டு தெரியாம எப்பிடி விடுறது?"

கேட்டார். அந்த அம்மா கண் கலங்க நிறையச் சொன்னார்.

"பி.தான் மூத்தவராம். அப்பாவுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கினதும் அவர்தானாம். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அவரைப் பற்றிக் கேக்கேல்லையாம், அண்ணை."

மறுநாள் பலகையை மாற்றினோம்: அண்ணன் முதலில், தம்பி அடுத்து. அந்த அம்மா திரும்பவும் வந்து, பெரியப்பாவின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அதன் பிறகு, அந்த வீட்டு ஆட்களைத் தேடிக் கேட்காமல் யாருக்கும் உறவில்லை என்று நான் எழுதியது கிடையாது. நீங்களும் எழுதாதீர்கள்.