பள்ளத்தைத் தூர்த்தவர்கள்

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவளைக் கோட்டக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷமாகத் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து, இது வானத்திலிருந்து வந்தது, இது செல்போன் கோபுரத்தின் இரைச்சல் என்று பிரித்துப்போடுவது அவள் வேலை. பதிவேட்டில் அவள் 'சோதித்தேன்' என்று கையெழுத்திடாமல் எந்தத் தரவும் கட்டடத்தைத் தாண்டக் கூடாது.

அன்று காலை கிளம்பும்போதே கணவர் சொன்னார். "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டுப் போனா பஸ்ல பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க."

"உட்கார வேணாம். கால் நீட்டிக்கிறேன்."

கோபத்துக்குக் காரணம் ஒரு பள்ளம். எங்கோ தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியின் நடுவில், கருந்துளை ஒன்று சுற்றியிருக்கும் வாயுவை விழுங்கி ரேடியோ அலையில் தகதகவென்று எரிகிறது. அதற்கு முன்னால் நிற்கும் ஹைட்ரஜன் தனக்குரிய அலையைக் கொஞ்சம் தின்றுவிடும். திரையில் கோடு அந்த இடத்தில் குழியும். அந்தக் குழி எல்லோர் கண்ணிலும் பட்டது. குழிக்கு ஒரு பக்கம் மட்டும், விரலால் இழுத்துவிட்டதுபோல ஆழமில்லாத நீண்ட சரிவு ஒன்று இருந்தது. அது நிஜமென்றால், அந்த வாயு விநாடிக்கு அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே துரத்தப்படுகிறது.

குழுத் தலைவருக்கோ அது கருவியின் வளைவு. கணக்குப் போட்டுக் கழித்தார். கோடு இஸ்திரி போட்ட சட்டைபோல ஆனது. சரிவு போன இடம் தெரியவில்லை. 'வெளியேறும் வாயு இல்லை' என்று கட்டுரையும் தயார். மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"போடல சார்."

"ஏன், பேனா எழுதலையா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பேனா எழுதுது. சரிவத்தான் காணோம்."

"அது கருவியோட கோணல்னு எத்தன தடவ சொல்றது?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் கோட்டக்கா. சிரித்தவர்கள் தங்கள் திரைகளுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் கேலக்ஸிக்கு முன்னும் பின்னும், கருவியைச் சரிபார்க்கவென்று, குறுக்கே வாயு இல்லாத வேறொரு வான்பொருளையும் பார்ப்பார்கள். முன்னால் பார்த்ததை வைத்துத்தான் திருத்தம் செய்வது. அதே திருத்தத்தைப் பின்னால் பார்த்ததுக்கும் போட்டுத் திரையில் விட்டாள். கோடு நேராக ஓடியது. பக்கத்தில், அதே திருத்தம் மட்டும் போட்டு, தலைவர் கழிக்காத கேலக்ஸிக் கோட்டை விட்டாள். சரிவு அப்படியே இருந்தது.

"அதே டிஷ், அதே திருத்தம். கோணல் கருவியில இருந்தா இதுலயும் இருக்கணுமே, எங்க சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

அங்கேதான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. பதிவேட்டை மேஜைமேல் போட்ட சத்தத்தில் யாரோ எழுந்தே விட்டார்கள்.

"சொல்லலையா? பாருங்க. ரெண்டு வருஷத்துல மூணு தடவ. 'சரிவு தெரிகிறது, கழிக்க வேண்டாம்.' பக்கத்துலயே 'பார்த்தேன்'னு உங்க கையெழுத்து. என்னத்தப் பார்த்தீங்க?"

"சரி விடுங்க. சரிவ வச்சே எழுதிடுவோம். கையெழுத்துப் போடுங்க."

"இதுக்குப் போடுறேன். இதே மாதிரி தூர்த்து அனுப்பினோமே, பதினோரு கேலக்ஸி? அதுல எல்லாம் என் கையெழுத்து இருக்கு. எதுக்கு வம்புன்னு போட்டுத் தொலைச்சேன்." தன்மேல் வந்த கோபம் அவர்மேல் வந்ததற்குக் குறைந்ததில்லை.

அவள் பக்கம் புரட்டி, பழைய கையெழுத்தை ஒவ்வொன்றாக அடித்தாள். பதினொன்றையும்.

"என்னம்மா பண்றீங்க! எல்லாம் அச்சாயிடுச்சு!"

"தப்புன்னு அச்சடிங்க. கழிக்காத மூலத் தரவு எங்க இருக்கு?"

தலைவர் தரையைப் பார்த்தார். "ஏழுக்கு இருக்கு. நாலுக்கு... டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு அழிச்சுட்டோம்."

கோட்டக்கா, தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பத்தைத் திரையில் திறந்து, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"நாலையும் மறுபடி பார்க்கணும். 'காரணம்'னு கட்டம் இருக்கு பாருங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

தலைவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.