ஏழு நொடிக்கு ஒரு சத்தம்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படியுங்கள், எனக்கு நஷ்டமில்லை. தேதியும் மணியும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். கம்பெனி பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். பேய் என்றதும் அமாவாசை, ராத்திரி பன்னிரண்டு மணி என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆயுத பூஜை அன்று, மத்தியானம் 2.30 முதல் 3.05 வரை.

என் பெயர் ரகுபதி. சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு இரும்புப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் வேலைதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜர் பாஸ்வேர்டை மறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறுபத்து நாலு கேமராவும் என் பொறுப்பு. அவை பதிவு செய்வதெல்லாம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், ஒரு பெட்டிக்குள் இருக்கும் நாலு ஹார்ட் டிஸ்க்குகளில் போய்ச் சேரும். என் நாற்காலியும் அதே அறையில்தான்.

நான் ஒரு பொய் எழுதினேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஜூன் 12. செகண்ட் ஷிப்ட், மத்தியானம் 2.30க்குத் தொடங்குவது. மாலை 6.10. தகட்டை அமுக்கி வடிவம் ஆக்கும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் மாரிசெல்வியின் இடது கை சிக்கியது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

அந்த பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு பச்சைப் பட்டன்களையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் பிரஸ்ஸுக்குள் மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு பீஸுக்குப் பதினொரு நொடி ஆகும். இடது பட்டனை அமுக்கியபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டால் வலது கை ஒன்றே போதும். இடது கை அடுத்த தகட்டை உள்ளே வைத்துவிடும். ஏழே நொடி. அங்கே டார்கெட்டையே ஏழு நொடிக் கணக்கில்தான் போட்டிருந்தார்கள்.

விபத்து நடந்த அன்று இரவே பதிவைப் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் 2.22க்கு சூப்பர்வைசர் பழனிவேல் பிரவுன் டேப்போடு வருகிறார். நாலு பிரஸ்ஸிலும் இடது பட்டனை ஒட்டிக்கொண்டே போகிறார். மாரிசெல்வி அதைப் பிய்த்துப் போடுகிறாள். அவர் திரும்பி வந்து மறுபடி ஒட்டுகிறார், டார்கெட் போர்டைக் கை காட்டுகிறார். அவள் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். பிறகு வேலையை ஆரம்பிக்கிறாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஹெச்.ஆர். மேனேஜர் கண்ணப்பனும் இதையெல்லாம் பார்த்தார்.

"ரகு, இந்த டிஸ்க் போயிடுச்சுல்ல?"

"இல்ல சார், நல்லாதான் கீது."

"போயிடுச்சு. பெர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. நாளைக்குள்ள ரிப்போர்ட் எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாக டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. 12ஆம் தேதி காலை பழுதாகிவிட்டது. பதிவு இல்லை.' அந்த டக் டக்கை அவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. சாகப்போகிற டிஸ்க் அப்படித்தான் தட்டும், விஷயம் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று என் மூளையைக் காட்டினேன். உண்மையில் அந்த டிஸ்க் ஓடுகிற சத்தமே வெளியில் கேட்காது.

மாரிசெல்வியே டேப்பை ஒட்டிக்கொண்டாள் என்று விசாரணையை முடித்தார்கள். டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்துவிடு என்றார் கண்ணப்பன். உடைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பேப்பரில் சுற்றி இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டேன். நல்ல மனது என்று நினைத்துவிடாதீர்கள். உடைக்கவும் பயம், கொடுக்கவும் பயம். அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அவள் தங்கை தங்கமாரியை வேலைக்கு எடுத்தார்கள். பெரிய மனது பண்ணுகிறார்களாம். வருகைப் பதிவு மெஷினுக்காக முகத்தைப் பதிவு செய்ய என் அறைக்குத்தான் வந்தாள்.

"அண்ணே, அக்கா கேமராவுல இருக்காளாமே. ஒரு தடவ பாக்கலாமா?"

"டிஸ்க் பூட்ச்சும்மா."

"அவ ஒட்டிருக்க மாட்டாண்ணே. அவ ரொம்பப் பயந்தவ. ஊர்ல எல்லாரும் அவ மேலதான் தப்புன்னு பேசுதாங்க. எங்கம்மா வெளியவே வாரதில்ல."

நான் கேமராவைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 8. ஆள் பற்றாக்குறை என்று அவளைப் பேக்கிங்கிலிருந்து மாற்றினார்கள். எங்கே? அதே நாலாம் நம்பர் பிரஸ். மானிட்டரில் பார்த்தேன். இடது பட்டனில் டேப்.

அன்று 2.37க்கு என் அறையில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

டக்.

ரெக்கார்டர் பெட்டி என்று நினைத்தேன். புதுசாகப் போட்ட டிஸ்க் மட்டமான சரக்கு போலிருக்கிறது. திருகுகளை இறுக்கினேன். நிற்கவில்லை. திருகுகளுக்கு ரப்பர் வாஷர் போட்டேன். பெட்டிக்கு அடியில் பஞ்சு ஷீட் விரித்தேன். ஃபேனைக் கழற்றித் தூசி தட்டினேன். டிஸ்க்கையே மாற்றினேன். ஆனாலும் டக்... டக்... டக். டிஸ்க்கைச் சோதிக்கும் மென்பொருளைக் கேட்டால் எல்லாம் நலம் என்றது. பக்கத்து அறை கண்ணப்பனுக்கு அது தலைவலியாகிவிட்டது.

"என்னய்யா அது, மண்டைக்குள்ள தட்டுற மாதிரி இருக்கு. எப்படியாவது நிறுத்துய்யா."

சின்னச் சின்ன விஷயங்கள் இடித்தன. 4.30க்கு டீ பிரேக் விட்டால் சத்தம் நிற்கும். 4.40க்கு மறுபடி ஆரம்பிக்கும். ஒரு வாரம் மத்தியானம் கேட்ட சத்தம் அடுத்த வாரம் காலை ஆறு மணிக்கே கேட்டது. தங்கமாரிக்கு அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட்.

ஒருநாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்.

ஏழு நொடிக்கு ஒரு தடவை.

பத்து தடவை பார்த்தேன். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. மேலே யோசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னொரு பஞ்சு ஷீட் வாங்கி வந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. புதன்கிழமை. காலையிலேயே எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். என் ரெக்கார்டர் பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்தால் மறுநாள் வரை எந்த மெஷினும் ஓடக்கூடாது. மெயின் கரண்டையே நிறுத்திவிட்டார்கள். பொரி பாக்கெட்டோடு ஆட்கள் பஸ் ஏறினார்கள். 1.30க்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

நான் போகவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிப் பார்க்க இந்த ஒரு நாள்தான் கிடைக்கும். யூ.பி.எஸ்ஸையும் நிறுத்தினேன். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் நாலு டிஸ்க்கையும் உருவி மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ஒயர் இல்லை. கரண்ட் இல்லை.

மணி 2.30.

டக்.

கை அப்படியே நின்றுவிட்டது.

முதல் டிஸ்க்கைக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது... இல்லை. நாலாவது சில்லென்று இருந்தது.

டக்.

என் முதுகுக்குப் பின்னால்.

இரும்பு அலமாரி.

கதவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் பேப்பர் பொட்டலம். நாலு மாதமாகத் தொடாதது.

டக்.

பேப்பர் அசைந்தது.

பிரித்தேன். கையில் எடுத்தேன்... சுட்டது. நாள் முழுக்க ஓடிய டிஸ்க் எப்படிச் சுடுமோ அப்படி. உள்ளே ஏதோ சுற்றுவது உள்ளங்கையில் தெரிந்தது.

2.41 வரை கையிலேயே வைத்திருந்தேன். கீழே போடவும் முடியவில்லை.

டக். ஏழு நொடி. டக். ஏழு நொடி.

திடீரென்று...

டக். டக். டக்டக்டக்டக்.

நிற்கவே இல்லை. டிஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

"நான்தான் எழுதுனேன்," என்று வாய்விட்டுச் சொன்னேன். "நீ ஒட்டல. எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

சத்தம் குறையவில்லை.

அதோடு ஓடினேன். அறைக்கு வெளியே, காரிடார் தாண்டி, இருட்டாகக் கிடந்த பிரஸ் லைனுக்கு. ஏன் அங்கே ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள்.

முதுகுதான் தெரிந்தது. மாரிசெல்வி பதிவில் போட்டிருந்த அதே நீல கோட். அதே உயரம்.

இடது கை பிரஸ்ஸுக்குள் இருந்தது.

அவள் சட்டென்று, யாரோ இழுத்ததுபோல், கையை வெளியே எடுத்தாள். திரும்பினாள்.

தங்கமாரி.

"அண்ணே... எல்லா மெஷினுக்கும் பூ வச்சாங்க. உள்ள வைக்கல. அக்காவுக்குன்னு நான் வச்சேன். அதான் பஸ்ஸ விட்டுட்டு நின்னேன்." அவள் என் கையைப் பார்த்தாள். "அது என்னண்ணே சத்தம்?"

அவளுக்கும் கேட்டது. அதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். பழனிவேல், டேப், போர்டு, கண்ணப்பன், என் ரிப்போர்ட், நானாகச் சேர்த்த அந்த டக் டக். அவள் அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அவ பிச்சுப் போட்டாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா. பிச்சுப் போட்டா."

டிஸ்க்கை அவள் கையில் வைத்தேன். சத்தம் நின்றது. மணி 3.05.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை இருவரும் தொழிற்சாலை ஆய்வாளரிடம் போனோம். டிஸ்க் பழுதில்லாமல் ஓடியது. விசாரணையை மறுபடி எடுத்தார்கள். மாரிசெல்வி மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்தது. பழனிவேலையும் கண்ணப்பனையும் வெளியே அனுப்பினார்கள். என்னையும்தான். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறேன். அன்றிலிருந்து மனதில் பாரம் இறங்கி, ராத்திரி தூக்கமும் வந்தது. போன வாரம் வரை.

போன வாரம், மத்தியானம் 2.20க்குத் தங்கமாரி போன் செய்தாள். தண்டலம் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அந்த நாலாம் நம்பர்ல நிக்கயில, ஒவ்வொரு பீசுக்கும் யாரோ என் எடது மணிக்கட்டப் புடிச்சு வெளிய இழுக்க மாதிரி இருக்கும். பிரஸ் எறங்குததுக்கு முன்னால. ரூமுக்குப் போயி பாத்தா நாலு வெரல் தடம் சிவந்து கெடக்கும். ரூம்ல உள்ள பிள்ளைங்ககிட்ட கூட காட்டிருக்கேன்."

ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு இழுப்பு. ஏழு நொடிக்கு ஒரு தடவை. அதைத்தான் நான் ரப்பர் வாஷர் போட்டும் பஞ்சு வைத்தும் அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

"இப்பவும் இழுக்குதா?"

"இல்லண்ணே. நீங்க டிஸ்க்கக் குடுத்த அன்னைக்கோட நின்னுட்டுது. அக்கா நிம்மதியாப் போயிட்டான்னு அம்மா சொல்லுதா."

"அங்க இன்னா வேலை உனக்கு?"

"பிரஸ்தாண்ணே."

"பட்டன்ல..."

"ஒட்டத்தான் செய்யுதாங்க. டார்கெட் வரணும்லா. சரிண்ணே, பெல் அடிச்சிட்டுது."

போனை வைத்துவிட்டாள். மணி 2.30.

கடையில் அன்று பழுதுக்கு வந்த ஹார்ட் டிஸ்க்குகள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்தேன். ராத்திரி கடை சாத்தும் வரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றிலும் சத்தம் இல்லை.